இரண்டாவது பம்ப் ஓடுகிறதா என்று இன்ஜினுக்கு எப்படித் தெரியும்?

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். தண்ணீர் பம்ப்தான். ஒவ்வொரு மோட்டாரையும் தொட்டியில் இறக்கி, டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போய், எத்தனை மீட்டர் ஹெட்டில், அதாவது எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை லிட்டர் வருகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எழுத வேண்டும். ஹெட் கூடினால் தண்ணீர் குறையும். வோல்டேஜ் குறைந்தாலும் தண்ணீர் குறையும். இந்த இரண்டையும் தினம் பார்க்கிறவன் நான். ஆனாலும் என் காரின் பெட்ரோல் டேங்க்குக்குள் இருந்த பம்ப்பும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதை உணர எனக்கு ஒரு பிஸ்டன் செலவானது.

கார் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ, சிலிண்டருக்கு 5 வால்வு. கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். நான் வாங்கி, கனெக்டிங் ராடு மாற்றி, பெரிய டர்போ போட்டு, ஸ்டாண்ட்அலோன் இசியு (இன்ஜினை நடத்துகிற தனிக் கம்ப்யூட்டர்) வைத்து, 1.5 பார் பூஸ்ட்டில் (டர்போ காற்றை அமுக்கித் தள்ளுகிற அழுத்தம்) 420 வரை கொண்டுவந்தேன். மாதத்துக்கு ஒருமுறையாவது செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்குப் போய்விடுவேன். மற்ற நாட்களில் ஷெட்டில்தான் நிற்கும்.

டேங்க்கில் இருந்தது, மணிக்கு 255 லிட்டர் என்று சொல்லி விற்கிற பம்ப். அந்த 255 என்பது சுமார் 2.8 பார் அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் வருகிற அளவு. என் காரில் நிலைமை வேறு. இந்த இன்ஜினில் பெட்ரோல் அழுத்தம் எப்போதும் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகிற குழாய்) அழுத்தத்தைவிட 3 பார் கூடுதலாக இருக்கும்படி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும். பூஸ்ட் 1.5 பார் ஏறினால் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்கள் உட்காரும் ரெயிலில் 4.5 பார் வேண்டும். எங்கள் டெஸ்டிங் பாஷையில் சொன்னால், எப்போது அதிகத் தண்ணீர் வேண்டுமோ அதே நேரத்தில்தான் ஹெட்டும் ஏறுகிறது. ஒரு விவசாயி என்னிடம் வந்து, "பயிருக்குத் தண்ணி அதிகம் வேணும்போதெல்லாம் கிணறும் ஆழமாயிடுது" என்று சொன்னால் நான் எவ்வளவு கவனமாக மோட்டார் தேர்ந்தெடுப்பேன்!

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப்பை வெளியே எடுத்து, அளவு பாத்திரமும் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்தேன். 4.5 பாரில், பம்ப்பின் முனையில் உண்மையில் கிடைக்கிற 12.2 வோல்ட்டில், மணிக்கு 165 லிட்டர்தான் வந்தது. பேட்டரியில் 13.8 இருக்கிறதே என்று கேட்கலாம். முன்னாலிருந்து பின் சீட்டுக்கு அடியில் வரை வருகிற அந்த மெல்லிய ஒயரில் மீதி போய்விடுகிறது. போர் மோட்டாருக்கு மெல்லிய கேபிள் இறக்கினால் என்ன ஆகுமோ அதேதான்.

இப்போது இன்ஜின் எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்போம். முழு பூஸ்ட்டில் இருக்கிற டர்போ பெட்ரோல் இன்ஜின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் எடுக்கும். 420 பெருக்கல் 0.27 என்றால் 113 கிலோ. இது எத்தனால் கலக்காத பெட்ரோல் கணக்கு. எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று போதும். எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கு அந்த எண் கிட்டத்தட்ட 13.5. ஆக 113 கிலோ 123 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. லிட்டராக்கினால் சுமார் 165.

165 வேண்டும், 165 வருகிறது. கையிருப்பு ஒரு சொட்டு கிடையாது.

நான் இன்ஜினை டியூன் செய்தது 2022ல். அப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைத்தது 10 சதவீதம் கலந்தது. அந்தக் கணக்குக்கு 157 லிட்டர் போதும், அதனால் தப்பித்துக்கொண்டிருந்தேன். 2023 பிப்ரவரியில் இ20 வெளியானது, 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு மாற்றம் முதலில் லாம்ப்டா மீட்டரில் தெரிந்தது. காற்றுக்குச் சரியான அளவு பெட்ரோல் என்றால் அது 1 காட்டும், பெட்ரோல் கூடினால் எண் குறையும், மெலிந்தால் எண் ஏறும். முழு பூஸ்ட்டில் 0.80ல் நிற்க வேண்டியது 0.83, 0.84 என்று காட்ட ஆரம்பித்தது. சரி, எத்தனால் கூடியிருக்கிறது என்று இன்ஜெக்டர் நேரத்தைக் கூட்டினேன். கீழே சரியானது. 5500 ஆர்பிஎம்முக்கு மேலே மட்டும் மறுபடி மெலிந்தது. பிரஷர் சென்சார் பதிவைத் திறந்து பார்த்தால் 4.5ல் நிற்க வேண்டிய அழுத்தம் 4.2க்கு இறங்கியிருந்தது. பம்ப் மூச்சு வாங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரே பெரிய பம்ப்பாக மாற்றியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மாற்றலாம், அதுவும் நல்ல வழிதான். ஆனால் பெரிய பம்ப் ஐடிலிலும் அதே அளவு பெட்ரோலைச் சுற்றவிடும். இந்தக் காரில் மிஞ்சுகிற பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்புகிற ரிட்டர்ன் லைன் ஒல்லி. பிறகு இரண்டாவது பம்ப் வந்ததும், பரிசோதனைக்காக இரண்டையும் ஐடிலில் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். மேனிஃபோல்டைவிட 3 பார் கூடுதலாக நிற்க வேண்டிய அழுத்தம், 3.7 பார் கூடுதலாகப் போய்விட்டது. ரெகுலேட்டர் முழுதாகத் திறந்தும், திரும்பிப் போக வழி போதவில்லை. இன்னொன்று, சூடு. பெட்ரோல் இன்ஜின் பக்கம் போய்ச் சூடேறி டேங்க்குக்குத் திரும்புகிறது. சித்திரை வெயிலில் காந்திபுரம் சிக்னலில், கால் டேங்க் பெட்ரோலை இரண்டு பம்ப்புகளும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால், அது ஆவியாகி பம்ப்புக்குள் குமிழியாக நிற்கும். 1990களின் டொயோட்டா சுப்ரா டர்போவிலேயே, லேசாக ஓட்டும்போது பம்ப்புக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுத்து மெதுவாக ஓடவைக்கத் தனிப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். தேவைக்கு ஏற்ற மாதிரி பம்ப்பை ஓட்டுவது கார் கம்பெனிகளே செய்கிற வேலைதான்.

அதனால் இரண்டாவது பம்ப், அதுவும் பூஸ்ட் வரும்போது மட்டும்.

எப்படிச் சேர்ப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒரு பம்ப் தள்ளுவதை இன்னொரு பம்ப் வாங்கித் தள்ளினால் ஹெட் கூடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பைப்பில் ஊற்றினால் தண்ணீர் கூடும். எனக்கு வேண்டியது இரண்டாவது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா இப்படித்தான் இரண்டு மோட்டாரை ஒரே பைப்பில் இணைத்திருந்தார். அதில் ஒரு மோட்டாருக்கு நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகிப் போன வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மோட்டாரை மட்டும் போட்டால், அது தூக்குகிற தண்ணீர் நின்றுபோன மோட்டார் வழியாகத் திரும்பக் கிணற்றுக்கே போகும். பெட்ரோலிலும் அதுவேதான். இரண்டு பம்ப்பின் வாயிலும் பின்னால் போகவிடாத வால்வு இருக்க வேண்டும். பல பம்ப்புகளில் உள்ளேயே இருக்கும். இருக்கிறது என்று நம்பாமல், வாயில் ஊதிப் பார்த்தாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டையும் டேங்க்குக்குள்ளேயே ஒரே பிராக்கெட்டில் நிறுத்தினேன். பெட்ரோலில் மூழ்கியிருந்தால் பம்ப்புக்குக் குளிர்ச்சி, சத்தமும் குறைவு. மூழ்கிக் கிடக்கிற ஹோஸுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சிட்டதுதான் வேண்டும். வெளியே போடுகிற ஹோஸ் உள்ளே ஊறினால் வெளிப்பக்க ரப்பர் உரிந்துவிடும். ஒயர் உள்ளே போக, மூடியில் துளை போட்டு எபாக்சி பசை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி நிற்கிற இடம் அது. அதற்கென்றே செய்த சீல் வைத்த கனெக்டர் கிடைக்கிறது, தயவுசெய்து அதைப் போடுங்கள்.

கன்ட்ரோலுக்கு முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஹாப்ஸ் சுவிட்ச் என்று சொல்கிற பிரஷர் சுவிட்ச். மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ட்யூப், 0.5 பார் பூஸ்ட் வந்ததும் உள்ளே இருக்கிற தகடு தொட்டு ரிலேயின் காயிலை இழுக்கும். ரிலே பேட்டரி கரன்ட்டை இரண்டாவது பம்ப்புக்குக் கொடுக்கும். ரிலேயில் 30 என்ற முனைக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக பேட்டரி, 87ல் பம்ப், 85ம் 86ம் காயில். 4 ஸ்கொயர் ஒயர். அரை நாள் வேலை. ஏழு மாதம் அருமையாக ஓடியது. 0.5 பாரை ஒட்டியே மிதித்துக்கொண்டு போனால் ரிலே டிக் டிக் என்று விட்டுவிட்டு அடிக்கும், அது ஒன்றுதான் உறுத்தல்.

எட்டாவது மாதம், கரியில், மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தேன். ரிலே டிக் என்றது எனக்கே கேட்டது. டாஷ்போர்டில் நான் வைத்திருந்த பச்சை விளக்கும் எரிந்தது. இரண்டு விநாடி. பிறகு கண்ணாடியில் கல் பட்ட மாதிரி ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பதிவை எடுத்துப் பார்த்தபோது லாம்ப்டா 0.80லிருந்து 0.93க்குப் போயிருந்தது, அழுத்தம் 3.8 பார். பிரித்துப் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் ரிங் உட்காருகிற விளிம்பு உடைந்திருந்தது.

காரணம் பாடியில் இறுக்கியிருந்த எர்த் ஒயரின் முனை. கட்டிங் ப்ளையரில் நான் நசுக்கிய முனை அது. அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, அன்றைக்கு முழுதாக விட்டுவிட்டது. சுவிட்ச் வேலை செய்தது. ரிலே வேலை செய்தது. விளக்கு எரிந்தது. பம்ப் மட்டும் ஓடவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு டர்போ தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்டார்ட்டர்ல லைட் எரியறதப் பாத்து மோட்டார் ஓடுதுன்னு நம்பலாமா கண்ணு? தொட்டியில தண்ணி உழுகுதான்னுதான் பாக்கோணும்" என்றார். கம்பெனியில் நான் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

முதல் பம்ப் செத்தால் கார் ஸ்டார்ட்டே ஆகாது, தெரிந்துவிடும். இரண்டாவது பம்ப் செத்துக் கிடந்தால் வீட்டிலிருந்து கரி வரை காரில் ஒரு குறையும் தெரியாது. அது இல்லை என்று தெரிவது அதை நம்பி முழு பூஸ்ட் கொடுத்த நொடியில்தான். அதனால் இரண்டாவது பம்ப்பை எப்போது போடுவது என்ற கேள்விக்கு நான் முதலில் செலவழித்த யோசனையைவிட, அது ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்குப் பல மடங்கு யோசனை செலவழித்தேன்.

ஹாப்ஸ் சுவிட்சைக் கழற்றிவிட்டேன். இப்போது இரண்டு பம்ப்புக்கும் தனித்தனி ரிலே, இரண்டு ரிலேயையும் இசியுவே இழுக்கிறது. இன்ஜின் சுற்றவில்லை என்று தெரிந்தால் இரண்டையும் அதுவே நிறுத்தும். விபத்து என்று வந்தால் இது மிக முக்கியம். இரண்டாவது பம்ப் போட மேனிஃபோல்டு அழுத்தம் 130 கிலோபாஸ்கலைத் தாண்ட வேண்டும், வெளிக்காற்றின் 100ஐக் கழித்தால் 0.3 பார் பூஸ்ட். நிறுத்த 115க்குக் கீழே வந்து 4 விநாடி ஆகியிருக்க வேண்டும். போடுவதற்கும் நிறுத்துவதற்கும் நடுவே இந்த இடைவெளி வைத்த பிறகு டிக் டிக் சத்தம் போய்விட்டது. கூடவே, 2500 ஆர்பிஎம்முக்கு மேல் த்ராட்டிலை 60 சதவீதத்துக்கு மேல் சட்டென்று மிதித்தால், பூஸ்ட்டுக்குக் காத்திராமல் உடனே போட்டுவிடும். நின்ற பம்ப் வேகமெடுக்க ஒரு கணம் வேண்டும். டர்போ அந்தக் கணத்தைத் தராது.

இனி கண்காணிப்பு. இரண்டாவது பம்ப்பின் ஒயரில் ஒரு ஹால் கரன்ட் சென்சார் மாட்டினேன். 3 பாரில் என் பம்ப் ஏழரை ஆம்பியர் இழுக்கும், 4.5 பாரில் ஒன்பதை ஒட்டி வரும். எர்த் விட்டுப்போனால் பூஜ்யம். சிக்கிக்கொண்டால் இருபதைத் தாண்டும். பெட்ரோல் இல்லாமல் வெறும் காற்றைச் சுற்றினால் நான்குக்கும் கீழே இறங்கும். தோட்டத்தில் மாட்டுகிற ட்ரை ரன் ப்ரிவென்டரும் இந்தக் கரன்ட் குறைவைப் பார்த்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது. போடு என்று சொல்லி 300 மில்லி விநாடிக்குள் கரன்ட் 5க்கும் 14க்கும் நடுவே வரவில்லை என்றாலோ, ஓடும்போது அவ்வளவு நேரம் அதைவிட்டு விலகினாலோ, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட் சொலினாய்டை இசியு விட்டுவிடும். பூஸ்ட் ஸ்பிரிங் அழுத்தமான 0.6 பாருக்கு இறங்கும். அந்த அளவுக்கு முதல் பம்ப் ஒன்றே தாராளம். கார் ஓடும், வீட்டுக்கு வரலாம்.

அதற்கு மேல் இன்னொரு காவல், அழுத்தம். ரெயில் அழுத்தத்திலிருந்து மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கழித்தால் எப்போதும் 3 பார் வர வேண்டும். பூஸ்ட்டில் அது 2.6க்குக் கீழே 100 மில்லி விநாடி நின்றால் நான்கு இன்ஜெக்டரும் மொத்தமாக நிற்கும். பாதிப் பெட்ரோல் கொடுப்பதுதான் பிஸ்டனை உடைக்கும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் எரிவதற்கு ஒன்றும் இல்லை, கார் ஒருமுறை குலுங்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. சாவியைத் திருப்பினதும் முதலில் இரண்டாவது பம்ப் மட்டும் தனியாக 2 விநாடி ஓடும். கரன்ட்டையும் அழுத்தத்தையும் இசியு பார்த்துக்கொள்ளும். அப்புறம்தான் முதல் பம்ப்பின் முறை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே திரும்பப் போட்டால், ரெயிலில் பழைய அழுத்தம் அப்படியே நிற்கும். பம்ப் ஓடாமலேயே 3 பார் காட்டும். அதனால் சூட்டில் அழுத்தத்தை நம்பக் கூடாது, கரன்ட்டைத்தான் நம்ப வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பயணம் முழுக்க 0.6 பார்தான்.

ரிலேக்குப் பதிலாக சாலிட் ஸ்டேட் ரிலே வைத்து பம்ப் வேகத்தையே கூட்டிக் குறைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக. அழகான வழி. ஆனால் அதில் பம்ப்புக்குப் போகிற கரன்ட் துண்டு துண்டாகப் போவதால் என் மாதிரி எளிய கரன்ட் கணக்கு நேராகப் பொருந்தாது. சராசரி எடுத்துத் திருத்த வேண்டும். நான் ஆன், ஆஃப் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

எர்த் முனைகளை எல்லாம் சரியான கிரிம்பிங் டூலில் மறுபடி செய்து, பாடியில் பெயின்ட் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். கிரிம்ப் செய்த ஒவ்வொரு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

போன ஞாயிறு கரியில் சோதனை. இரண்டாவது பம்ப்பின் ஒயரில் தற்காலிகமாக ஒரு சுவிட்ச் வைத்து நண்பர் கையில் கொடுத்தேன். பூஸ்ட்டை 1 பாருக்குக் குறைத்துக்கொண்டு மூன்றாம் கியரில் மிதித்தேன். 4800 ஆர்பிஎம்மில் அவர் சொல்லாமல் அணைத்தார். முதுகில் இருந்த தள்ளல் மெல்லத் தளர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பிட்டுக்கு வந்து பதிவைத் திறந்தோம். அணைத்ததிலிருந்து 310 மில்லி விநாடியில் சொலினாய்டு விட்டிருக்கிறது, லாம்ப்டா அதிகபட்சம் 0.82. ஐந்து முறை செய்தோம், ஐந்து முறையும் அப்படியே. அடுத்த மாதம் 1.5 பாரில் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் சாவி திருப்பும்போது எடுக்கிற அந்த 2 விநாடி கரன்ட்டைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இன்று காலை 7.4 ஆம்பியர்.